ஆஸ்பத்திரிக்குப் போகும் உப்பு

12 செப்டம்பர் 1991, வியாழன்

மூன்று பேட்சும் சரியாக வந்தன. யாரும் பாராட்டவில்லை. சரியாக வராவிட்டால்தான் இந்தக் கம்பெனியில் என் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நாற்றம் உண்டு. ரப்பர், பெயிண்ட், சூடான எண்ணெய். எங்களுடையது காடி, வினிகர் புளிப்பு. அசிடிக் அமிலத்தில் சோடா உப்பைக் கொட்டினால் நுரைத்துப் பொங்கும். பொங்கி அடங்கியதை வடிகட்டி, சுண்டக் காய்ச்சி, ஆறவிட்டால் கற்கண்டு மாதிரி படியும். அதுதான் சோடியம் அசிடேட். முதல் தரம் டயாலிசிஸ் கரைசலாகி எங்கள் கேனுக்குள் போகிறது. அடுத்தது காலேஜ் லேபுகளுக்கு, பஃபர் கரைசல் கலக்க. மிச்சம் சாயப்பட்டறைக்கும் தோல் ஷெட்டுக்கும். உப்புக்கு அவ்வளவாக வாசனை இல்லை, என் புடவைக்குத்தான் உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இரண்டு ஸ்டாப் தாண்டியதும் எழுந்து போய்விடுகிறார்கள். நல்லதுதான், காற்று வரும்.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. வெள்ளானூரில் எங்கள் தெருவில் முதல் பட்டதாரி. என் அப்பா அடுத்தவன் வயலில் நாற்று சுமந்தவர், படிக்க வைத்தார். ஆனால் பேர் வைக்கும்போது மட்டும் என்ன அவசரமோ, பேபி என்று வைத்துவிட்டார். முப்பத்தாறு வயதுப் பொம்பளையை கம்பெனி முழுக்க ‘பேபி, பேபி’ என்று கூப்பிடுகிறது.

இந்த டயரி முதலாளி ஜம்புலிங்கம் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. இதுவரை ஒரு பக்கமும் எழுதவில்லை. இன்றைக்கு ஏன் எழுதுகிறேன்? வீட்டில் பேசினால் என் வீட்டுக்காரருக்குக் கஷ்டம். பேசாமல் இருந்தால் அவர் அம்மாவுக்கு, அத்தைக்குக் கஷ்டம். இதில் எழுதினால் ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை.

20 செப்டம்பர், வெள்ளி

இன்று அவருக்கு டயாலிசிஸ் நாள். செவ்வாயும் வெள்ளியும். பூந்தமல்லி ரோட்டில் இருக்கிற டிரஸ்ட் ஆஸ்பத்திரி. அங்கே கேன் எங்கள் கம்பெனியிலிருந்துதான் போகிறது. அத்தைதான் கூடப் போகிறார். நான் லீவு போட்டால் பேட்ச் நிற்கும்.

போன வருஷம் வரை லேத்தில் நின்று இரும்பைச் சீவிக்கொண்டிருந்த மனுஷன். பிரஷர் இருந்ததே தெரியாமல் இரண்டு கிட்னியும் போய்விட்டது. நான் ஒன்று கொடுக்கலாம் என்றால் என் ரத்தம் அவருக்குச் சேரவில்லை. அத்தைக்குச் சர்க்கரை. காசு கொடுத்தால் கிட்னி கிடைக்கும் என்று ஒரு புரோக்கர் வாசல் வரை வந்தான். அவர் படுத்த இடத்திலிருந்தே கத்தினார்: “எவனோ வயித்த அறுத்துகினு, அத்த வச்சி நான் மூத்திரம் பேயணுமா? எந்திரிச்சிப் போய்யா!” தேவராஜ் அப்படித்தான். அடுத்தவனுக்குத் தொந்தரவு என்றால் தன் உயிர்கூட இரண்டாம் பட்சம்.

செலவைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆரம்பித்தால் வேறு எதையும் எழுத முடியாது.

அத்தை ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டார்: “ஊட்டுல ஒரு கல்லு உப்பு போடக்கூடாதுன்றான். ஆஸ்பத்திரில கேன் கேனா உப்புத்தண்ணி ஓட்றான். இது இன்னாமே நாயம்?”

அது உடம்புக்குள் போவதில்லை, ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது, ரத்தத்தில் இருக்கிற அழுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதற்குள் இறங்கும் என்று சொன்னேன். அதோடு ரத்தத்தில் சேர்கிற புளிப்பையும் முறிக்க வேண்டும், அதற்கு பைகார்பனேட் தேவை. அதை நேராகக் கேனில் கலந்தால் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அதனால் அசிடேட்டைக் கலக்கிறோம். அது சவ்வைத் தாண்டி உள்ளே போகும், உடம்பே அதை பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும்.

“அப்ப உள்ள போவுது இல்ல?” என்றார் அத்தை. போகிறதுதான். படிக்காத பொம்பளையிடம் மாட்டிக்கொண்டேன். தேவராஜ் சிரித்தார். “நல்லா கீறேன்மா, உட்டுடு” என்றார்.

17 அக்டோபர்

ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் பொட்டு. என் பி.எச். மீட்டருக்கும் பொட்டு வைத்து, கண்ணாடிக் குமிழில் சந்தனம் பூசிவிட்டார்கள். அதைக் கழுவ நாளைக்கு அரைநாள் ஆகும்.

உப்பைச் சுழற்றி ஈரம் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ் முன்னால் வாழையிலை போட்டுப் பொரி, கடலை. பூசணிக்காய் உடைத்தார்கள். முதலாளி கையில் கற்பூரத் தட்டு. அது எரிந்துகொண்டிருக்கும்போதே எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: “நம்ம பேபியோட ஊட்டுக்காரர் தேவராஜுக்கு ஆயுசு முழுக்க டயாலிசிஸ் கேன் நம்ம கம்பெனி பொறுப்பு. இந்தக் கற்பூரம் சாட்சி.”

எல்லோரும் கை தட்டினார்கள். பேக்கிங் பொம்பளைகள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவரையும் அத்தையையும் முதலாளி வேன் அனுப்பி வரவழைத்திருந்தார். அவர் முதலாளி காலில் விழப் போனார், குனிய முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

நானும் அழுதேன். எழுதித்தானே ஆகவேண்டும்.

18 அக்டோபர்

அத்தை காலண்டரில் முருகனுக்குப் பக்கத்தில் முதலாளியின் விசிட்டிங் கார்டைச் செருகி வைத்திருக்கிறார். குங்குமமும் வைத்தாயிற்று.

9 நவம்பர், சனி

நாலு நாளாக மழை. ஆவடி பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர்.

மெஷினில் படுத்திருக்கும்போது கை சில்லிட்டுப் போகிறது என்று அத்தை சொன்னார். எனக்கு ஒரு யோசனை வந்தது. உருகிய அசிடேட்டைத் தூசி படாமல் ஆறவிட்டால் உறையாது. தண்ணீர் மாதிரியே இருக்கும், தொட்டால் ஜில்லென்று இருக்கும். ஒரே ஒரு துகள் உப்பை உள்ளே போட்டால் போதும். கண்ணெதிரே வெள்ளை ஊசி ஊசியாகக் கிளம்பி முழுவதும் கட்டியாகிவிடும், ஆகும்போதே சுடும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு வைத்தால் மறுபடி உருகும், மறுபடி உபயோகிக்கலாம்.

காலி குளுக்கோஸ் பாட்டிலில் செய்து, டவலில் சுற்றி, நேற்று அனுப்பினேன். வார்டே கூடி வேடிக்கை பார்த்ததாம். டெக்னீஷியன் நஜீர் “இன்னாண்ணாத்தே, ஊட்ல மாயாஜாலமா பண்றாங்க?” என்று கேட்டாராம். அத்தை விடுவாரா. “கேன்ல கீற தண்ணியும் எம் மருமவ கைப்பக்குவந்தான். தோ பாரு, மேல நம்பர் எழுதிகீது பாரு, அவ கையெழுத்து” என்று ஒவ்வொரு கட்டிலுக்கும் போய்க் காட்டினாராம்.

“கை சுடச் சுட இருந்திச்சிமே. ஷோக்கா இருந்திச்சி” என்றார் அவர். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் என் படிப்பு அவருக்கு உபயோகப்பட்ட முதல் நாள். சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

6 டிசம்பர், வெள்ளி

கேன் ஏற்ற ஆஸ்பத்திரி வேனில் நஜீர் வந்தார். பூந்தமல்லிக்காரர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். லேபுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“அக்கா, புது மிஷினு ரெண்டு எறங்கிகீது. அசிடேட்டு இல்ல, பைகார்ப். ரெண்டு கேனு, தனித்தனியா இழுத்து உள்ளாறதான் கலக்கும். அசிடேட்டு ஒத்துக்காதவங்கள அதுல போட்றாரு டாக்டரு. ஒவ்வொருத்தரா கேட்டாரு.”

“இவர் என்ன சொன்னார்?”

“‘எனக்கு ஒண்ணுமில்ல சார், நல்லா கீறேன்’னுட்டாரு. மூணாவது மணில பிரஷர் மளமளன்னு கீழ போவுதுக்கா. இன்னா பண்ணுதுன்னா, ‘வெயில்ல வந்தேன்’ன்றாரு. டிசம்பர் மாசத்துல இன்னாக்கா வெயிலு?”

டைட்ரேஷனில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். கலர் மாறி, அதையும் தாண்டிப் போய்விட்டது. கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்தேன்.

10 டிசம்பர், செவ்வாய்

கம்பெனிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்குத் தெரியாது.

மத்தியானம் வெளியே வந்தார்கள். அத்தை தோளில் அவர் கை. கேட்டில் வாட்ச்மேனைப் பார்த்து அவர் சிரித்தது எனக்கு டீக்கடையிலிருந்தே தெரிந்தது. கேட்டைத் தாண்டி, காம்பவுண்டைச் சுற்றி, பங்ச்சர் கடைக்குப் பின்னால் போனார்கள். நானும் போனேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். அத்தை ஒரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் பையிலிருந்து துண்டை எடுத்தார். அப்புறம் தண்ணீர் பாட்டில். அப்புறம் ஒரு எலுமிச்சம்பழம். தேடாமல், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் தடவை வாந்தி எடுக்கிறவனுக்கு யாரும் இவ்வளவு தயாராக வரமாட்டார்கள்.

“எத்தினி நாளா?” என்று கேட்டேன்.

அத்தை திரும்பிப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஒவ்வொரு வாட்டியும்தான்மே. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எந்தலைல கை வச்சி சத்தியம் வாங்கிகினான்.”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “மண்ட இடிக்குது. பஸ்ஸப் புடிச்சி ஊட்டுக்குப் போவலாம் வா” என்றார்.

11 டிசம்பர்

கத்தினேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மா கதவைத் திறந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஏன் சொல்லவில்லை, ஏன், ஏன்?

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: “நீ செஞ்சதுமே அது. அத்தப் போயி எனக்கு ஆவலேன்னு எப்பிடிச் சொல்றது? வார்டுல அத்தினி பேரு. எங்கம்மா வேற ஊரெல்லாம் தமுக்கடிச்சி வச்சிக்குது. உன் கையெழுத்து மேல கீது. அத்தப் பாத்துகினே வாயில வந்தத முழுங்கிடுவேன்.”

நான் என்ன குழம்பா வைத்தேன்? நல்லாயில்லை என்றால் கோபித்துக்கொள்வேனா? அது உப்பு! தொட்டியில் காய்ச்சி மூட்டை மூட்டையாகப் போகிற உப்பு! அதுக்கும் எனக்கும் இன்னாய்யா சொந்தம்? ஒரு மனுஷன் பொண்டாட்டி மனசு நோவக்கூடாதுன்னு சாவானா? சாவானா?

அத்தை குறுக்கே வந்தார்: “மொதலாளி கற்பூரத்துக்கு முன்னால குடுத்தாருமே. வாணாம்னு சொன்னா தெய்வக் குத்தமாயிடும்.” தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். மாடு முட்டிக்கொண்டே இருந்தால்கூடவா?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய்த்தவருக்கு வாயே இல்லை.

14 டிசம்பர், சனி

டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “அம்மா, அவர்தான் வேண்டாம் என்றார். இரண்டு மெஷினுக்கும் ஆள் நிரம்பிவிட்டது. இடம் காலியானால் முதல் பெயர் அவருடையதுதான்.”

எனக்குத் தெரிந்தது பாதி வேதியியல் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அசிடேட்டை உடம்பு மாற்றிக்கொள்ளும், வாஸ்தவம். ஆனால் அதைச் செய்வது ஈரலும் சதையும். அவர் உடம்பில் சதை எங்கே இருக்கிறது? மாற்ற மாற்ற மெஷின் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மாறாத அசிடேட் ரத்தத்தில் தேங்கி, குழாய்களைத் தளர்த்தி, பிரஷரை இறக்கிவிடுகிறது. தலைவலி, வாந்தி. நிறையப் பேருக்கு ஒத்துக்கொள்கிறது, சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. கெட்ட உப்பு இல்லை, இவருக்கு ஆகாத உப்பு. பேட்ச் சரியாக இருந்ததா என்று பார்த்தேனே தவிர ஆள் சரியாக இருக்கிறாரா என்று பார்க்கவில்லை.

கிளம்பும்போது டாக்டர் கூப்பிட்டார். “அந்தச் சூட்டு பாட்டில் நீங்கள் செய்ததா? புத்திசாலித்தனம்தான். ஆனால் வேண்டாம். சூடு கொடுத்தால் ரத்தக் குழாய் இன்னும் விரியும், பிரஷர் இன்னும் இறங்கும்.”

அதுவும் நான் செய்ததுதான்.

8 ஜனவரி 1992

இந்த வருஷம் கம்பெனியில் டயரி கொடுக்கவில்லை. பழைய டயரியில் ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே எழுதுகிறேன்.

சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் டீலர்கள் வந்திருந்தார்கள். முதலாளி அவர்களை லேபுக்கு அழைத்து வந்தார். ஒரு டீலர் கேட்டார்: “இப்ப பைகார்ப்னு ஒண்ணு வந்திருக்காமே, எல்லா டாக்டரும் அதையே பேசறாங்களே?”

முதலாளி என் தோளுக்கு நேராகக் கை நீட்டிக் காட்டினார். “இவங்க எங்க கெமிஸ்ட். இவங்க ஊட்டுக்காரரே நம்ம அசிடேட்லதான் ஓடுறார். ஒரு தலைவலி கெடையாது. கேட்டுப் பாருங்க!”

ஓஹோ. கற்பூரம் இதற்குத்தானா?

டீலர் என்னைப் பார்த்தார். ஃபெரிக் குளோரைடு விட்ட குழாய் கையில் இருந்தது. அசிடேட் இருந்தால் ரத்தச் சிவப்பாக மாறும். நன்றாகவே மாறியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு இடிச்ச புளி மாதிரி நின்றேன். நேற்றுத்தான் மெஷினில் இருக்கும்போதே அவருக்கு நினைவு தப்பி, நஜீர் காலைத் தூக்கிப் பிடித்து, சலைன் ஏற்றி எழுப்பியிருக்கிறார். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன. நான் அவரைக் குறை சொன்னேன், வாயில்லை என்று.

15 ஜனவரி

பொங்கல். யாரும் பொங்கலோ பொங்கல் சொல்லவில்லை.

30 ஜனவரி

நஜீர் ஆள் அனுப்பினார். பைகார்ப் மெஷினில் ஒரு இடம் காலி. நூம்பலைச் சேர்ந்த ஒரு வாத்தியாருடையது. இருதயம் நின்றுவிட்டதாம். அவருக்கு இரண்டு பெண்கள்.

இத்தனை நாளாக ஒரு இடம் காலியாக வேண்டும் என்று மாங்காடு அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். இடம் எப்படிக் காலியாகும் என்று யோசிக்காமல் வேண்டிக்கொண்டேன்.

4 பிப்ரவரி, செவ்வாய்

நானும் போனேன். இவர் தன் வாயாலேயே கேட்க வேண்டும் என்று டாக்டர் எதிர்பார்த்தார். “என்ன தேவராஜ், மாற்றிவிடலாமா?”

இவர் என் முகத்தைப் பார்க்கிறார், கேனைப் பார்க்கிறார், அத்தையைப் பார்க்கிறார். வாயில் என்ன கொழுக்கட்டையா? நான்தான் சொன்னேன், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி: “இவருக்கு எங்க கம்பெனி உப்பு ஆவலை சார். நான் செஞ்சதுதான். ஆவலை.” பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இவர் முகம் கறுத்துப் போயிற்று.

மெஷின் ஓடியது. நான் பிரஷர் கருவியின் பாதரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மணி. கொஞ்சம் இறங்கி, நின்றது. நின்றேவிட்டது. அவர் தூங்கினார். குறட்டை விட்டுத் தூங்கினார்.

வெளியே வந்து தானாக நடந்தார். பங்ச்சர் கடைப் பக்கம் அத்தை பழக்கத்தில் திரும்பப் போனார், இவர் திரும்பவில்லை. டீக்கடையில் இரண்டு போண்டா வாங்கித் தின்றார். டாக்டர் பார்த்தால் கொன்றுவிடுவார்.

பஸ்ஸில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வார்டில் வைத்து மானத்தை வாங்கிவிட்டேனாம். அத்தை மூலமாகத் தகவல்.

5 பிப்ரவரி

சந்தோஷப்பட வேண்டியதுதானே? காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். மெஷினுக்கு மறுநாள் இப்படி ஒரு காலையை இந்த வீடு பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. இப்படி இருந்திருக்க வேண்டிய காலைகள் எத்தனை! ஒரு வாந்தியை வாந்தி என்று சொல்லியிருந்தால் டிசம்பரிலேயே கிடைத்திருக்கும். அன்பாம், மரியாதையாம், கற்பூரமாம். எல்லாவற்றையும் சேர்த்து என் தொட்டியில் போட்டுக் காய்ச்ச வேண்டும்.

20 பிப்ரவரி

முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. இவர் பேருக்குப் போன கேன்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துவிட்டன.

“உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு படிச்சிருப்பியே, பேபி?” என்று கேட்டார். கோபமாக இல்லை, நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

படித்திருக்கிறேன் சார் என்றேன். அந்தப் பழமொழி சொன்னவர் கிட்னியைப் பற்றி யோசித்திருக்க மாட்டார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் முழுதாக வந்தது. எனக்கு எப்போதுமே பஸ்ஸில்தான் வரும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

முதலாளி வீட்டுக்கே வந்தார். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், கூட ஒரு போட்டோக்காரன், டிக்கியில் எங்கள் லேபிள் ஒட்டிய ஒரு கேன். அத்தை பதறிப்போய் நாற்காலியை முந்தானையால் துடைத்தார்.

விஷயம் இதுதான். புது விளம்பரத் தாள் அச்சடிக்கிறார்கள். அதில் இவர் கேன் பக்கத்தில் நின்று சிரிக்கிற மாதிரி ஒரு படம். “இப்ப எந்த மெஷின்ல ஓடுறீங்கன்னு யார் கேக்கப்போறா தேவராஜ்? ஒரு வருஷத்துக்கு மேல நம்ம கேன்லதானே ஓடினீங்க, அது பொய்யா? பேபி வேலைக்கு நான் பொறுப்பு. அவங்களை சீனியர் கெமிஸ்ட் ஆக்கிடலாம்.”

போட்டோக்காரன் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் பார்த்தான். கேனைக் கட்டில் அருகே வைத்தார்கள். அத்தை சீப்பை எடுத்து மகன் தலையை வாரிவிட்டார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். தெரியும், இவர் சிரிப்பார். வாட்ச்மேனுக்குச் சிரித்த மாதிரி சிரிப்பார். எனக்கு சீனியர் கெமிஸ்ட் வேலை கிடைக்கும். எங்கேயோ வேலூரில் ஒருத்தன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு வருகிற வாந்தி வெயிலால்தான் என்று நினைத்துக்கொள்வான்.

இவர் கேனைப் பார்த்தார். மேலே என் கையெழுத்து இருந்தது.

“மொதலாளி,” என்றார். “எனக்கு இது ஆவலீங்க.”

“இல்ல தேவராஜ், சும்மா ஒரு படம்…”

“ஓடுன நாளெல்லாம் வாந்திங்க. மண்டை ரெண்டா பொளக்கும். உள்ள அடக்கிகினு வெளிய வந்து எடுப்பேன். இவ செஞ்சதாச்சே, நீங்க குடுத்ததாச்சேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஆவுறவங்களுக்கு ஆவட்டுங்க. எனக்கு ஆவல. சிரிக்கச் சொன்னா எப்பிடிங்க சிரிப்பேன்?”

இடையில் நிறுத்தவில்லை, கடைசிவரை சொன்னார். அத்தை கையில் சீப்பு அப்படியே நின்றது. முதலாளி காபியைக் குடிக்காமல் எழுந்தார். கேனைத் தூக்கிக்கொண்டு போட்டோக்காரன் பின்னால் போனான்.

அவர்கள் போனதும் “உன் வேலைய தொலைச்சிட்டேன் இல்லமே?” என்று கேட்டார். பத்தொன்பது நாள் கழித்து என்னோடு பேசிய முதல் வார்த்தை. ஆமாம் என்றேன். இரண்டு பேரும் அழுதோம். அத்தை ஆரஞ்சை உரித்தார். அது அவருக்கு ஆகாது, பொட்டாசியம், என்று பிடுங்கினேன்.

24 பிப்ரவரி

கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். லேபில் இருந்த என் டிபன் பாக்ஸை வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தான். பதினோரு வருஷம்.

2 மார்ச்

காலண்டரில் முருகனுக்குப் பக்கத்தில் முதலாளியின் கார்டைக் காணோம்.

7 ஏப்ரல், செவ்வாய்

ஆவடியில் ஒரு டுட்டோரியலில் பிளஸ் டூ பசங்களுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். நேற்று மீத்தேன் தயாரிப்பு. சோடியம் அசிடேட்டையும் சோடா சுண்ணாம்பையும் சேர்த்துச் சூடாக்கு என்று கரும்பலகையில் எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. ஒரு பையன் “மிஸ், இத்த வச்சி வேற இன்னா பண்ணுவாங்க?” என்று கேட்டான். சிலபஸில் இல்லை என்று சொல்லிவிட்டேன். சம்பளம் பாதிதான். யாரும் பேபி என்று கூப்பிடுவதில்லை, அதுவரை லாபம்.

அவர் நன்றாகிவிடவில்லை. இந்த வியாதியில் நன்றாவது என்பது கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் இருக்கிற வரைக்கும்தான் அவரும். இப்போது எனக்கு மத்தியானம் வகுப்பு இல்லாததால் நானே கூடப் போகிறேன்.

இன்றைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் நாலைந்து படிக்கிற பிள்ளைகள். நடந்துகொண்டே கேட்டார்: “என்ன தேவராஜ், எப்படி இருக்கீங்க?” பதிலுக்கு நிற்காமல் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட்டார்.

“சார், இருங்க” என்றார் இவர்.

டாக்டர் திரும்பி வந்தார்.

“ராவுல காலு குடையுது சார். முதுகெல்லாம் அரிக்குது, தூக்கம் வரமாட்டேன்னுது. ஊசி போட்ட எடத்துல வீங்கிகீது, வெள்ளிக்கெழம வந்த பொண்ணு ரெண்டு வாட்டி மாத்தி மாத்தி குத்திச்சி. வாய்ல இரும்பு ருசி அடிக்குது. அந்த ஃபேன் எம் மூஞ்சிக்கு நேரா சுத்துது, குளிருது. அப்பால அந்தப் பச்ச மாத்திர கீது பாருங்க, அது சாப்ட்டா வயிறு…”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகளில் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் தலையைத் தூக்கி, தனக்கும் அரிக்கிறது என்றார். நஜீர் ஃபேனை நிறுத்தப் போனார்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.